கொடியடுப்பும் மூன்று திரைகளும்

கொடியடுப்பு என்றால் என்னவென்று இக்காலத்துக் குழந்தைகளைக் கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எரிவாயு அடுப்பு வீட்டுக்கு வீடு வந்த பிறகு கொடியடுப்பைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிட்டது. பெரிய அடுப்பிலே விறகு எரியும். அதன் பக்கத்துத் துவாரத்தின் வழியே அனல் புகுந்து சிறிய அடுப்புக்குப் போகும். பெரியதில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே சிறியதில் குழம்பு காய்ந்துவிடும். நெருப்பு ஒன்று; பாத்திரம் இரண்டு. விறகும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஆனால் அதில் ஒரு நியதி உண்டு. அடுப்பைப் பூசினபோது எத்தனை துவாரம் வைத்தார்களோ, அத்தனை பாத்திரங்களுக்குத்தான் அனல் கிடைக்கும். பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி, அதன் மேல் ஒரு சட்டியை ஏற்றிவிட்டால் அது தானாகக் கொதித்துவிடாது. துவாரம் இருந்தும் உள்ளே அடைத்துக் கிடந்தாலும் அதே கதிதான்.

கணினி என்னும் யந்திரத்துக்குள்ளும் இப்படி ஒரு கொடியடுப்பு இருக்கிறதென்று நான் அறிந்துகொண்டது 2019-ஆம் ஆண்டில். அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்கள் வீட்டுக்கு அப்போது வந்தது. அதனால் என் மனைவியின் கையிலிருந்த இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பின. ஆகவே இந்த விஷயம் பிறருக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

நான் முப்பத்தைந்து வருஷம் அச்சுக்கூடத்தில் புரூப் பார்த்துக் காலந் தள்ளியவன். என் மருமகள் பட்டம் பெற்றவள். கைக்குழந்தையை விட்டு வெளியே வேலைக்குப் போக அவளுக்கு மனமில்லை. அந்தச் சமயத்தில் பழைய தமிழ் நூல்களை மறுபதிப்புச் செய்யும் ஒரு பதிப்பகத்தார் வீட்டிலிருந்தே செய்யும்படியான வேலையொன்று கொடுத்தார்கள். பழைய புத்தகத்தின் பக்கங்களைப் படமாக எடுத்து அனுப்புவார்கள். அதே பக்கங்களை ஒருவர் புதிதாகத் தட்டச்சுச் செய்திருப்பார். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பிழை திருத்தித் தர வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதல் மாதம் பரீட்சை. நாளொன்றுக்கு முப்பது பக்கம் முடிந்தால் வேலை நிலைக்கும். இல்லையேல் வேறொருவருக்குப் போய்விடும்.

பையன் எங்கோ மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து பழைய கணினி ஒன்றை மலிவாக வாங்கிப் போட்டிருந்தான். அதற்கு ஒரே திரை. அந்த ஒரு திரையிலே பழைய பக்கத்தைப் பார்த்து, அதை மூடிவிட்டுப் புதிய பக்கத்தைத் திறந்து, ஐயம் தோன்றினால் இரண்டையும் மறைத்துவிட்டு அகராதியைத் திறந்து, மறுபடி பழைய பக்கத்துக்கு வருவதற்குள் எந்த வரியில் விட்டோம் என்பது மறந்து போகும். புரூப் பார்ப்பவனுக்கு வரி தவறுவதைப் போன்ற துன்பம் வேறில்லை. அச்சுக்கூடத்தில் எங்களுக்கு மூலப் பிரதி இடப்பக்கம், புரூப் வலப்பக்கம், அகராதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மேஜை அகலமாக இருந்ததே எங்கள் பாக்கியம். என் மருமகளின் மேஜையோ ஓரடி அகலக் கண்ணாடியாகச் சுருங்கிவிட்டது. காலை முதல் இரவு வரை உட்கார்ந்தும் பதினெட்டுப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. தலைவலி வேறு.

"மாமா, மூன்று திரை இருந்தால் முப்பது பக்கம் முடித்துவிடுவேன்" என்றாள் ஒரு நாள்.

திரைகளுக்குப் பஞ்சமில்லை. பையன் தன் திரை ஒன்றைத் தந்தான். உறவினர் ஒருவர் தம் இன்டர்நெட் கடையை எடுத்துவிட்டபோது மிஞ்சிய பழைய திரை ஒன்றும் வந்து சேர்ந்தது. கணினியின் முதுகுப் புறத்தைப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டில் நான்கு வாய்கள் இருந்தன. டி.வி.ஐ. என்ற வகையில் இரண்டு, ஹெச்.டி.எம்.ஐ. ஒன்று, டிஸ்ப்ளே போர்ட் ஒன்று. நான்கு வாய் இருக்கையில் மூன்று திரைக்கு என்ன தடை என்று யாருக்குந்தான் தோன்றாது? முதல் திரையை டி.வி.ஐ.யிலும், இரண்டாவதை ஹெச்.டி.எம்.ஐ.யிலும் செருகினோம். இரண்டும் ஒளிர்ந்தன. மூன்றாவதை மிஞ்சிய டி.வி.ஐ.யில் செருகினோம். அது கண் திறக்கவில்லை. வலிந்து அதை எழுப்பினால் மற்ற இரண்டில் ஒன்று உறங்கிவிட்டது. எப்படிச் செருகினாலும் இரண்டு விழித்திருக்கும், ஒன்று துயிலும்.

கடைத்தெருவிலே ஒரு கணினிக் கடைக்காரரிடம் போனோம். அவர் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்து, "இது ஒன்றை இரண்டாக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. செருகியவுடன் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரிந்தது! பெயர் 'ஸ்ப்ளிட்டர்'. கலியாண வீட்டில் முகூர்த்தத்தைப் பந்தலிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரே சமயத்தில் காட்டுவதற்கு அது மிகவும் உகந்தது. இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் புரூப்பும் வேண்டியவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? திருப்பிக் கொடுத்தோம். அடுத்து, டிஸ்ப்ளே போர்ட்டை டி.வி.ஐ.யாக மாற்றும் சிறிய அடாப்டர் ஒன்றைக் கொடுத்தார். அதற்கும் மூன்றாவது திரை அசையவில்லை. "கார்டுக்குச் சக்தி போதாது. புதிது போட்டுவிடுங்கள், பதினெட்டாயிரம் ஆகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பதினெட்டாயிரம் ரூபாய்! அன்றிரவு என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு வளையல்களைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். மருமகள், "வேண்டாம் அத்தை, நான் டவுனிலே ஏதாவது வேலை பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். "கைப்பிள்ளையை யார் கையில் விட்டுவிட்டு?" என்று கேட்டாள் என் மனைவி. இருவரும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

எதிர் வீட்டுப் பெண் கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறவள். விடுமுறைக்கு வந்திருந்தாள். செய்தி கேட்டு மறுநாள் காலை வந்தாள். கணினியின் பக்கக் கதவைக் கழற்றிக் கார்டின் பெயரைப் படித்தாள். ரேடியான் ஹெச்.டி. 5770 என்றிருந்தது. 2009-ஆம் ஆண்டு வெளிவந்த கார்டு அது.

"தாத்தா, கார்டுக்கு ஒரு குறையும் இல்லை. இது மூன்று திரையை நடத்தக்கூடியதுதான். ஆனால் எந்த மூன்று என்பதில்தான் சங்கதி இருக்கிறது" என்றாள்.

அவள் விளக்கியதை எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். திரையிலே நாம் காணும் படம் புள்ளிகளால் ஆனது. குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்றால் மொத்தம் 20,73,600 புள்ளிகள். இவ்வளவையும் வினாடிக்கு அறுபது முறை புதிதாக எழுத வேண்டும். அதாவது வினாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். இவை தாளம் தவறாமல் போய்ச் சேர்ந்தால்தான் படம் நிற்கும். வி.ஜி.ஏ., டி.வி.ஐ., ஹெச்.டி.எம்.ஐ. ஆகிய மூன்று முறைகளிலும் திரை ஒவ்வொன்றுக்கும் கார்டுக்குள்ளிருந்து தனித் தாளம் போட வேண்டும். அந்தக் கார்டிலே அப்படித் தாளம் போடும் கடிகாரங்கள் இரண்டே இரண்டு. ஆகவே அந்த வகைத் திரைகள் இரண்டுக்கு மேல் ஒளிரா. வாய் மூன்று இருந்தும் மூன்றாவது வாய்க்கு அனல் இல்லை!

டிஸ்ப்ளே போர்ட்டின் முறை வேறு. அது படத்தைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. திரைக்கு ஒரு தாளம் அதற்கு வேண்டியதில்லை. பொதுத் தாளம் ஒன்று போதும். எனவே மூன்றாவது திரை டிஸ்ப்ளே போர்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

"அந்த வாயில்தானே கடைக்காரர் கொடுத்த அடாப்டரைச் செருகினோம்?" என்று என் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி.

அடாப்டர்களிலே இரண்டு ஜாதி உண்டாம். ஒன்று 'பாசிவ்'. மற்றது 'ஆக்டிவ்'. பாசிவ் அடாப்டர் வேஷம் மாற்றிக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அதைச் செருகியவுடன் கார்டு அதை இன்னதென்று கண்டுகொண்டு, டிஸ்ப்ளே போர்ட் பாஷையை விட்டுவிட்டு டி.வி.ஐ. பாஷையில் தானே பேச ஆரம்பிக்கிறது. அப்படிப் பேசுவதற்கு அதே இரண்டு கடிகாரங்களில் ஒன்று வேண்டும். இரண்டும் ஏற்கனவே வேலையாயிருந்தால் மூன்றாவது திரை இருண்டேதான் கிடக்கும். ஆக்டிவ் அடாப்டரோ உண்மையான துபாஷி. கார்டு தன் சொந்தப் பாஷையிலேயே பேசும். அடாப்டருக்குள் இருக்கும் சில்லு அதைக் கேட்டு, தானே தாளம் போட்டு, திரைக்குப் புரியும் பாஷையில் பெயர்த்துச் சொல்லும். இரண்டும் வெளித் தோற்றத்தில் அண்ணன் தம்பி போல் இருக்கும். விலையிலும் உறையின் மேல் அச்சிட்ட ஒரு சொல்லிலுந்தான் வேற்றுமை.

இன்னொரு சூட்சுமத்தையும் அவள் சொன்னாள். வி.ஜி.ஏ. என்பது 1987-ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முறை. பதினைந்து ஊசிகள் கொண்டது. அதிலே படம் எண்களாகப் போகாமல் ஏறி இறங்கும் மின் அலையாகப் போகிறது. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் அடாப்டர் எண்ணை அலையாக மாற்றியே தீர வேண்டியிருப்பதால், அது எப்போதும் ஆக்டிவ் வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். விலையும் குறைவு. உறவினர் கொடுத்த பழைய திரையிலே வி.ஜி.ஏ. வாயும் இருந்தது.

"ஆனால் எழுத்து ஒரு மாற்றுக் குறைந்துதான் தெரியும்" என்று எச்சரித்தாள்.

அதற்கு மட்டும் நான் யோசனை சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் கண்ணை விற்றுப் பிழைத்தவனுக்கு எந்த எழுத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும், எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்பது தெரியும். மூலப் படத்துக்கு மிகத் தெளிவான திரை. தட்டச்சுப் பக்கத்துக்கு அடுத்த திரை. அகராதிக்குப் பழைய திரை. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்திலேயே பார்க்க முடிகிறது. அதன் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். சிறிது மங்கினாலும் பாதகமில்லை.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து அடாப்டரை வருவித்தோம். அறுநூறு ரூபாய்க்குள் ஆயிற்று. செருகினோம். மூன்று திரைகளும் ஒன்றாய் விழித்துக்கொண்டன. ஆனால் சுட்டுக்குறி இடப்பக்கத் திரையை விட்டு வெளியேறி வலப்பக்கத்துக் கோடியில் போய் முளைத்தது! எதிர் வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே, திரை அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அங்கே மூன்று கட்டங்கள் 1, 2, 3 என்று எண்ணிட்டிருந்தன. மேஜையில் திரைகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில் கட்டங்களை இழுத்து வைத்தாள். எல்லாம் ஒழுங்காயிற்று. திரைகளில் ஒரே படம் தெரிந்தால், விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு 'பி' எழுத்தைத் தட்டி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு திரையும் தனித் திரையாகிவிடும் என்பதையும் கற்றுக்கொடுத்தாள்.

இதைப் படிக்கும் அன்பர்களின் வீட்டிலும் இப்படி ஒரு தேவை எழலாம். ஆகவே அவளிடம் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கார்டின் வாய்களை எண்ணி ஏமாறக் கூடாது. ஒரே சமயத்தில் எத்தனை திரைகளை நடத்தும் என்பது கார்டின் விவரக் குறிப்பில் தனியே எழுதியிருக்கும். என்விடியா கார்டுகள் ஒரு காலத்தில் பெரும்பாலும் இரண்டோடு நின்றன. 2012-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 680 ஒரே கார்டில் நான்கு திரைகளை ஏற்றது. அதன் பிறகு வந்தவற்றில் நான்கு என்பது சாதாரணமாகிவிட்டது. வாய் ஐந்து இருந்தும் நான்குக்கு மேல் நடத்தாத கார்டுகளும் உண்டு.

இரண்டாவது, அடாப்டர் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட் வாயுள்ள கணினியிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. திரைக்குப் போகும் அடாப்டரைத் திருப்பிப் போட்டு, ஹெச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் திரைக்குப் போக முடியாது. அதற்கென்று வேறு அடாப்டர் இருக்கிறது. அது பெரும்பாலும் யூ.எஸ்.பி. வழியே தனியாக மின்சாரமும் கேட்கும். ஆனால் 1999-இல் வந்த டி.வி.ஐ.யும் 2002-இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ.யும் நெருங்கிய தாயாதிகள். படத்தை அனுப்பும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அவற்றிடையே சாதாரண அடாப்டரே போதும்.

மூன்றாவது, பழைய வி.ஜி.ஏ. திரையைப் புதிய கார்டில் மாட்ட எண்ணுகிறவர்கள் கவனிக்க வேண்டும். டி.வி.ஐ. வாயிலே இரு வகை உண்டு. ஒரு வகை அலையையும் சேர்த்துத் தரும். அதற்கு மலிவான அடாப்டரே போதும். மற்றொரு வகை எண்ணை மட்டுமே தரும். 2016-க்குப் பிற்பட்ட புதிய கார்டுகளில் அலை தரும் வகை அநேகமாய் மறைந்துவிட்டது. அவற்றுக்கு ஆக்டிவ் அடாப்டர் இல்லாமல் முடியாது.

நான்காவது, 2006-இல் பிறந்த டிஸ்ப்ளே போர்ட்டுக்கு 2010-இல் ஒரு புதிய வித்தை வந்தது. ஒரே வாயிலிருந்து வெவ்வேறு படங்களை வெவ்வேறு திரைகளுக்கு அனுப்பும் வித்தை. கார்டும் அதை ஆதரித்தால், எம்.எஸ்.டி. ஹப் என்ற பெட்டியை ஒரு வாயில் செருகி இரண்டு மூன்று திரைகளைப் பிரித்துக்கொள்ளலாம். இதையும் ஸ்ப்ளிட்டரையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் கார்டு நடத்தக்கூடிய மொத்தத் திரைகளின் தொகை இந்தப் பெட்டியால் கூடிவிடாது.

ஐந்தாவது, வேறு எதற்கும் வழியில்லாவிட்டால் யூ.எஸ்.பி. வாயிலிருந்தே திரையை இயக்கும் அடாப்டரும் உண்டு. டிஸ்ப்ளே லிங்க் என்ற சில்லுள்ளவை அதற்குப் பெயர் போனவை. அவற்றுக்குத் தனியாக மென்பொருள் நிறுவ வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை கணினியின் மூளை மேல் விழும். எழுத்து வேலைக்குப் போதும். விளையாட்டுக்கும் சலனப் படத்துக்கும் அவ்வளவாக உகந்ததல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, வேலை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். முதல் வாரத்தில் இருபத்தைந்து பக்கம். இரண்டாம் வாரத்தில் முப்பத்திரண்டு. வேலை நிலைத்துவிட்டது. வளையல்கள் கைக்குத் திரும்பின. கடைக்காரர் மேலும் எனக்குக் கோபமில்லை. தம்மிடம் இருந்ததை விற்க முயன்றார். இல்லாத ஒன்று இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஆனால் அந்த மாதத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான், பதினெட்டுப் பக்கமும் முப்பது பக்கமும் வெறும் கூலிக் கணக்கல்ல என்பது விளங்கும். ஒரு பழைய வைத்திய நூலைத் திருத்திக்கொண்டிருந்தாள். தட்டச்சுப் பக்கத்தில் ஒரு சூரணத்தைப் பற்றி, "பல நோய்க்கும் ஆகும்" என்றிருந்தது. படிக்கையில் ஒரு தடங்கலும் தோன்றாத வாக்கியம். வைத்திய நூல்களில் எந்த மருந்துதான் பல நோய்க்கு ஆகாது? ஒற்றைத் திரையாயிருந்தால், களைத்த கண் அதை அப்படியே கடந்து போயிருக்கும். இரண்டு பக்கமும் அக்கம்பக்கமாக நின்றதால் மூலத்திலே 'ல' வின் தலைமேல் மெலிந்த புள்ளி ஒன்று இருப்பதைக் கண்டாள். அழைத்துக் காட்டினாள். நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். புள்ளி இருந்தது. "பல் நோய்க்கும் ஆகும்."

பல்லில் வைத்து அழுத்த வேண்டிய மருந்தைப் பல நோய்க்கென்று உள்ளுக்குச் சாப்பிட்டு வைப்பவர்கள் நம் நாட்டிலே இல்லாமலில்லை. அந்தப் புள்ளியை என் மருமகள் மீட்டு உரிய இடத்தில் வைத்தாள். அந்தப் பக்கத்துக்கும் மற்றப் பக்கங்களுக்குக் கொடுத்த அதே கூலிதான் கொடுத்தார்கள். அவளும் அதிகம் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்துவிட்டாள்.